குளோபல் ஃபுட்பிரிண்ட் நெட்வொர்க்கின் தடக் கணிப்பான்: டர்பன் வீட்டுக்கு உதவும், டர்பன் ஊருக்கு உதவாது

ஒருவர் உண்பது, எரிப்பது, ஓட்டுவது எல்லாவற்றுக்கும் எவ்வளவு நிலம் வேண்டும் என்று ‘சூழல் தடம்’ என்ற நிலக்கணக்காக மாற்றிக் காட்டும் இலவச இணையக் கருவி இது. கணக்குமுறையை 1990-களின் தொடக்கத்தில் கனடாவில் வில்லியம் ரீஸும் மத்திஸ் வாக்கர்நேகலும் வகுத்தார்கள். விடை ‘உலக ஹெக்டேர்’ அலகில் வரும், அதாவது உலகச் சராசரி விளைதிறன் உள்ள ஒரு ஹெக்டேர் நிலம். எல்லோரும் உங்களைப் போல வாழ்ந்தால் எத்தனை பூமி வேண்டும் என்றும் சொல்லும். பூமி தாங்குவது தலைக்குச் சுமார் 1.5 உலக ஹெக்டேர். தென்னாப்பிரிக்கச் சராசரி ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு.

நிரப்பப் பத்து நிமிடம் போதும். கேள்விகள் எளிமையானவைதான், ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்வியிலேயே கணக்கு சறுக்கும். பின்கட்டில் அவுட்பில்டிங்கை (தனியாக நிற்கும் சிறு கட்டடம்) வாடகைக்கு விட்டிருந்து, அதற்கும் உங்கள் மீட்டரிலிருந்தே கரண்ட் போனால், அந்த ஆட்களையும் தலைக்கணக்கில் சேருங்கள். அவர்கள் இருக்கும் சதுர மீட்டரையும் சேருங்கள். ஒன்றைச் சேர்த்து மற்றதை விட்டால் விடை கோணிப்போகும்.

இறைச்சிக் கேள்வியைப் புரட்டாசியில் நிரப்பாதீர்கள். அந்த மாதம் வீடு முழுக்கச் சைவம். மற்ற மாதங்களில் ஞாயிறுதோறும் மட்டன் கறி. பன்னிரண்டு மாதச் சராசரியைப் போடுங்கள். விவரம் சேர்க்கும் வசதியைத் திறந்து, ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியைக் கோழியிலிருந்து பிரித்துக் கொடுப்பது நல்லது. மேய்ச்சல் நிலக் கணக்கு ஏறுவது ஆடு மாட்டால்தான்.

மினிபஸ் டாக்சிக்குத் தனிக் கட்டம் கிடையாது. பேருந்துக் கட்டத்தில் போடுங்கள், கார்க் கட்டத்தில் போடாதீர்கள். வேலைக்குப் போக ஒரு வழி 20 கிலோமீட்டர் என்றால் ஐந்து நாளுக்கு, போகவர, வாரம் 200.

மின்சாரம்தான் பெரிய ஓட்டை. உங்கள் வீடு எவ்வளவு சிக்கனமானது என்று கேட்கிறார்களே தவிர, முதன்மைக் கேள்வி மாதம் எத்தனை யூனிட் என்று கேட்பதில்லை. அரசு மின் நிறுவனமான எஸ்காமின் மின்சாரத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருவது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு. நம் வீடுகளில் வழக்கமான 150 லிட்டர் கீசர் 20 டிகிரித் தண்ணீரை 60-க்கு ஏற்ற 7 யூனிட் இழுக்கும். தினமும் ஒரு முறை சூடாக்கினாலே வருடம் 2,500 யூனிட்டுக்கு மேல், அதாவது இரண்டரை டன் கரியமில வாயு. தடக் கணக்கில் ஒரு டன்னுக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு உலக ஹெக்டேர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் வீட்டில் தலைக்கு 0.2 உலக ஹெக்டேர் கீசருக்கே போய்விடுகிறது. ‘சிக்கனம்’ என்று ஒரு சுட்டியை நகர்த்துவது இதைக் காட்டாது. பில்லில் இருப்பது பல நேரம் உத்தேச அளவு. உண்மையில் எத்தனை யூனிட் என்று தெரிய, 30 நாள் இடைவெளியில் மீட்டரை நீங்களே இரண்டு தடவை பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் எத்தனை விழுக்காடு என்ற கேள்வியில் பலர் தடுக்கி விழுகிறார்கள். லோட்ஷெடிங்குக்கு (முறைவைத்து வரும் மின்வெட்டு) வாங்கிய இன்வெர்ட்டரும் பேட்டரியும் எஸ்காம் கரண்டில் சார்ஜ் ஆனால் விடை பூஜ்யம். ஏற்றி இறக்குவதில் கொஞ்சம் வீணாவதால் செலவு கூடத்தான் செய்யும். கூரையில் பேனல் இருந்தால் மட்டும் அதில் விளைந்த யூனிட்டை வீடு செலவழிக்கும் மொத்த யூனிட்டால் வகுத்து, விழுக்காடாக்கிப் போடுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்து, சைவம் சாப்பிட்டு, பேருந்தில் போனாலும் ஒரு பூமிக்குள் வராமல் போகலாம். பிழை உங்களுடையது அல்ல. சாலை, மருத்துவமனை, ராணுவம் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைக் கருவி சேர்த்துவிடுகிறது. அது நியாயம்தான், ஆனால் அதைத் திரையில் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு 5-க்கு மூன்றரை கொடுக்கலாம். ஊருக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. உங்கள் விடை தேசியச் சராசரியைக் கூட்டிக் குறைத்துப் பெற்றது. அதை 42 லட்சம் பேரால் பெருக்கினால் எதெக்வினி மாநகரின் (டர்பனை உள்ளடக்கிய மாநகராட்சி) தடம் வந்துவிடாது. டர்பனுக்கு வடக்கே கார்னூபியா பக்கம் கரும்புக்காடு கட்டடமானதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் கட்டடம் நின்ற நிலம் விளைநிலத்துக்குச் சமமாகவே எண்ணப்படும். வகை மாறுமே தவிர எண் அசையாது. நகரம் பரவுவதை இதை வைத்து அளக்க நினைப்பவர்களுக்கு இது சின்னக் குறை அல்ல. தெற்கு டர்பனின் மியர்பேங்க், வென்ட்வொர்த் மக்கள் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் சுவாசித்த கந்தக டைஆக்சைடும் இதில் கிடையாது. மீத்தேனும் கிடையாது: பிசாசர் சாலைக் குப்பைமேட்டில் அந்த வாயுவைப் பிடித்து மாநகராட்சி மின்சாரம் எடுத்ததே, அந்த நன்மையும் கணக்கில் ஏறாது, உணவுக்கழிவைப் புதைக்கும் தீமையும் ஏறாது.

வார்டு குழுவுக்கு ஊர்க்கணக்கு வேண்டுமானால் காலநிலைக்காக உலகப் பெருநகரங்கள் சேர்ந்த சி40 நகரங்கள் அமைப்பின் சிரிஸ் (CIRIS) எக்செல் கோப்பை எடுங்கள். நகரங்கள் தங்கள் பசுங்குடில் வாயுக்களைக் கணக்கெடுக்க 2014-இல் வந்த ஜி.பி.சி. (GPC) நெறிமுறைப்படி அமைந்தது, இதுவும் இலவசம். அடிப்படை நிலையில் கட்டடம், ஆலைகளின் மின்சாரமும் எரிபொருளும், போக்குவரத்து, கழிவு என்ற மூன்று பிரிவும் போதும். இல்லாத தரவுக்குப் பூஜ்யம் போடாதீர்கள். ‘மதிப்பிடப்படவில்லை’ என்பதற்குத் தனிக் குறியீடு இருக்கிறது. பூஜ்யம் போட்டால் புகையே இல்லை என்று பொருளாகிவிடும். துறைமுகத்தில் கப்பல்கள் நிரப்பும் எரிபொருளையும் உள்ளூர்ப் போக்குவரத்தில் கலக்காதீர்கள். வார்டு வாரியான யூனிட் கணக்கை மாநகராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள். வராவிட்டால் கவுன்சில் வீடு, ஃபிளாட், தனி வீடு மூன்றிலும் வார்டில் உள்ள விகிதப்படி வீடுகளைப் பொறுக்கி, 30 நாள் மீட்டர் அளவு எடுங்கள். கோடையில் ஒரு தடவை, ஜூலைக் குளிரில் ஒரு தடவை எடுத்தால்தான் கீசரும் ஹீட்டரும் இழுப்பது பிடிபடும்.