ஏணித் தரவரிசையில் மூன்று ஆண்டுகள்: ஆடாமலே இறங்கியவனின் அனுபவம்

மலேசியாவின் கோல சிலாங்கூரில் இருக்கும் நண்பர் ஒருவர், தங்கள் பூப்பந்துக் (பேட்மிண்டன்) குழுவுக்கும் எங்களைப் போல ஏணித் தரவரிசை, அதாவது மேலே இருப்பவரை வென்று அவர் இடத்தைப் பிடிக்கும் முறை, வைக்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அவர் கேட்ட வேளை சரியில்லை. ஐந்தாம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த என் பெயர் ஏழாம் ஆணிக்குப் போயிருப்பதை அன்று மாலைதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

பெஸ்தாரி ஜெயாவில், பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் எங்கள் ஊரில், 18 பேர் இந்த ஏணியில் இருக்கிறோம். மண்டபச் சுவரில் ஒரு பலகை, அதில் 18 ஆணிகள், ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியை வெட்டி மையால் பெயர் எழுதிய வில்லைகள். தனக்கு மேலே மூன்று படிக்குள் இருக்கும் எவருக்கும் சவால் விடலாம். சவாலை இரண்டு வாரத்துக்குள் ஏற்காதவர் தோற்றவராகக் கொள்ளப்படுவார். கீழே இருப்பவர் வென்றால் தோற்றவரின் இடத்தைப் பிடிப்பார், இடையில் உள்ளவர்கள் அனைவரும் ஒரு படி இறங்குவார்கள். எனக்கு மூன்று ஆண்டுகளாக உறுத்துவது இந்தக் கடைசி விதிதான்.

நான் செம்பனை ஆலையில் எடைமேடையில் வேலை செய்பவன். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் காய்ப்பு மிகும். வெட்டிய குலையை ஒரு நாளைக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பதால், லாரி வரிசை முடியும்வரை நாங்கள் வீட்டுக்குப் போக முடியாது. அப்படிப்பட்ட இரண்டு வாரங்களில் ஏழாமவர் நான்காமவரை வென்றார், நான் ஆறுக்கு இறங்கினேன். அடுத்து எட்டாமவர் ஐந்தாமவரை வென்றார், நான் ஏழுக்கு இறங்கினேன். என்னை யாரும் தோற்கடிக்கவில்லை, எனக்கு யாரும் சவால்கூட விடவில்லை. மட்டையைக் கையில் எடுக்காமலே இரண்டு படி போயிற்று.

வென்றவரும் தோற்றவரும் மட்டும் இடம் மாறிக்கொள்ளட்டும், நடுவில் இருப்பவர்களைத் தொடவேண்டாம் என்று கூட்டத்தில் நான் இரண்டு முறை பேசியிருக்கிறேன். அப்படிச் செய்தால் நான்காமவர் ஒரே தோல்வியில் ஏழாம் இடத்துக்கு விழுவார், பிறகு மேலே இருப்பவர்கள் விழுந்துவிடுவோம் என்று பயந்து சவாலைத் தட்டிக்கழிக்கத் தொடங்குவார்கள் என்று குழுவை நடத்தும் அண்ணன் விளக்கினார். அது சரியான விளக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்வதால் கோபம் குறைந்துவிடவில்லை. பூப்பந்தின் உலகத் தரவரிசையிலும் கடந்த 52 வாரங்களில் ஆடிய போட்டித் தொடர்களில் சிறந்த பத்தின் புள்ளிகளே கணக்கில் நிற்கும், பழையவை உதிர்ந்துவிடும். ஆகவே ஆடாமல் இறங்குவது எனக்கு மட்டும் நேர்ந்த அநியாயமன்று. ஆனால் அங்கே ஓர் ஆண்டு அவகாசம் இருக்கிறது, எனக்கு இரண்டு வாரம்கூட இல்லை. சதுரங்கத்துக்காக ஆர்பாட் ஏலோ வகுத்து, 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட எண்முறையில், ஆடாதவரின் எண் அப்படியே நிற்கும்; இருவருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதையும் அது சொல்லும். ஏணியோ யார் முன்னே, யார் பின்னே என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. என்னைத் தோற்கடிக்கும் இடக்கை ஆட்டக்காரரை ஒருவர் தோற்கடிக்கிறார், அந்த ஒருவரை நான் தோற்கடிக்கிறேன். மூவரும் செக்குமாடு போல ஒரே மூன்று ஆணிகளைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

நல்லதையும் சொல்லவேண்டும். இதற்கு முன்னர் எல்லாரும் எல்லாருடனும் ஆடும் முறை இருந்தது. 18 பேருக்கு 153 ஆட்டங்கள், இருப்பதோ இரண்டு திடல்கள். ஆண்டு முடிந்தும் பட்டியல் முடியவில்லை. கீழே இருந்தவர்கள் ஐந்து, ஆறு புள்ளிகள் மட்டுமே எடுத்துத் தோற்றுத் தோற்று, பிறகு வராமலே நின்றுவிட்டார்கள். ஏணி வந்தபின் ஒவ்வொருவருக்கும் தன் அளவுக்கு ஒத்த எதிராளி கிடைக்கிறார். அறுபதைத் தாண்டிய மாமா ஒருவர், முன்னாள் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, 17இலிருந்து 16க்கு ஏறிய இரவை நான் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் வில்லையைத் தானே எடுத்து மேல் ஆணியில் தொங்கவிட்டார். நாலடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி வந்து அது சாய்ந்திருந்ததை நேராக்கினார். வேறெந்த முறையிலும் 16ஆம் இடத்துக்காக ஒரு மனிதர் அவ்வளவு நேரம் நின்றிருக்கமாட்டார்.

இவ்வளவு சொல்லியும் நண்பருக்கு வேண்டாம் என்றுதான் பதில் அனுப்பினேன். அவர் கேட்கப்போவதில்லை, பலகைக்கு அளவு எடுத்துவிட்டாராம். அப்படியென்றால் காய்ப்பு மிகும் இரண்டு மாதங்களுக்கு ஏணியை நிறுத்திவைக்கும் விதி ஒன்றையாவது முதல் நாளிலேயே எழுதிவிடுங்கள், பிறகு எழுதினால் யாருடைய லாபத்துக்காக என்ற பேச்சு வரும் என்றேன். ஏழாம் ஆணியில் தொங்கிக்கொண்டு இதை எழுதுகிறேன் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்; ஐந்தில் இருந்திருந்தால் உடனே வையுங்கள் என்றே எழுதியிருப்பேன்.