மஞ்சள் துண்டுகள்: கல்லீரல் அறுவைக்கு 3டி மாடல், நான்கு வருட அனுபவம்

கல்லீரல், பித்தநாள அறுவை சிகிச்சைகளுக்கு முன்னால் ஸ்கேனிலிருந்து 3டி மாடல் போட்டுப் பார்க்க ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. கூடப் படித்த நண்பர்கள் ஃபோனில் கேட்பது ஒரே கேள்விதான்: "நிஜமாவே உபயோகமா, இல்ல கான்ஃபரன்ஸ்ல காட்டத்தானா?" இரண்டுக்கும்தான் என்று சிரித்துவிட்டு விடுவேன். ஃபோனில் சொல்லித் தீராத பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் எங்களிடம் இருந்தது 3டி ஸ்லைசர் மட்டும்தான். தொண்ணூறுகளின் கடைசியில் பாஸ்டனில் ஆரம்பித்த இலவச மென்பொருள். பி.ஜி. மாணவர் ஒருவர் இரவு உட்கார்ந்து, ஸ்கேனின் ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்திலும், ஸ்லைஸ் ஸ்லைஸாக, கல்லீரலின் ஓரத்தை மவுஸால் வரைவார். ஒரு கேஸுக்கு மூன்று மணி நேரம். மறுநாள் ரவுண்ட்ஸில் அவர் கண்ணைப் பார்த்தாலே எத்தனை ஸ்லைஸ் என்று தெரியும். அப்புறம் தானாகவே வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு மாடல்கள் கைக்கு வந்தன. ஹைடல்பெர்க் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தின் என்என்-யூநெட் 2021-இல் கட்டுரையாக வெளியானது. அதை அடித்தளமாக வைத்து பாசல் பல்கலைக்கழக மருத்துவமனைக்காரர்கள் டோட்டல்செக்மென்டேட்டரைக் கொண்டுவந்தார்கள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டராக இருந்தால் டீ ஆறுவதற்குள் கல்லீரல் தனியாகக் கழன்று திரையில் நிற்கும். இடையில் ஒரு வருடம் காசு கொடுத்து ஒரு வணிக மென்பொருளும் வைத்திருந்தோம். அதைப் பற்றிப் பிறகு.

முதலில் எதில் கண்ணை மூடிக்கொண்டு, சரி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று சொல்கிறேன். கன அளவு. கல்லீரலில் பெரிய பாகத்தை வெட்டி எடுக்கும்போது மிஞ்சுவது எவ்வளவு என்பதில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது. நல்ல கல்லீரலாக இருந்தால் 20 சதவீதமாவது மிஞ்ச வேண்டும், கீமோதெரபி அதிகம் வாங்கியதாக இருந்தால் 30, சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) என்றால் 40. முன்பு இதைக் கண்ணால் பார்த்து "தாராளமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தத் தாராளம் ஆளுக்கு ஆள் மாறும்.

ஆனால் எண் வந்துவிட்டது என்பதற்காக அப்படியே எழுதிவிடக் கூடாது. கட்டியையும் சேர்த்துக் கல்லீரல் 1,600 மில்லி, அதில் கட்டி மட்டும் 400, மிஞ்சப்போவது 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,600-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 19 சதவீதம். கட்டி வேலை செய்யும் கல்லீரல் இல்லையே. அதைக் கழித்து 1,200-ஆல் வகுத்தால் 25. ஒரு கழித்தலை விட்டதற்காக நோயாளியை போர்ட்டல் வெயின் அடைப்புக்கு (வெட்டப்போகும் பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை வேண்டுமென்றே அடைப்பது) அனுப்பி, மிச்சக் கல்லீரல் வளரட்டும் என்று மூன்று நான்கு வாரம் காக்க வைத்திருப்போம். கட்டி அதுவரை சும்மா இருக்குமா? பெரிய கட்டிகள் ஓரத்தில் இருந்தால் மாடல் சில சமயம் கட்டியைக் கல்லீரலோடு சேர்த்துவிடும், சில சமயம் கட்டியோடு நல்ல கல்லீரலையும் கடித்து விட்டுவிடும். ஓரத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்துத் திருத்த இருபது நிமிடம் போதும். அந்த இருபது நிமிடத்தை மட்டும் யாருக்கும் தள்ளுபடி செய்வதில்லை.

மாற்று சிகிச்சைக்காகத் தன் கல்லீரலில் ஒரு பாகத்தைக் கொடுக்கும் டோனர் விஷயத்திலும் அதேதான். வாங்குபவரின் எடையில் 0.8 சதவீதமாவது கல்லீரல் கிடைக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 480 கிராம். ஸ்கேன் எடுக்கும்போது கல்லீரல் நிறைய ரத்தம் இருக்கும். வெட்டி எடுத்துக் கழுவித் தராசில் வைக்கும்போது அது வடிந்திருக்கும். அதனால் திரையில் தெரிந்த மில்லியை விடத் தராசு காட்டும் கிராம் குறைவாகத்தான் வரும். எங்கள் அனுபவத்தில் பத்தில் ஒரு பங்கு, சில நாள் அதற்கும் கொஞ்சம் மேல். எல்லைக்கோட்டில் இருக்கும் டோனருக்கு இதை முன்கூட்டியே கழித்துக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பிக்கிறோம்.

நான் எதிர்பார்க்காத பெரிய லாபம், கல்லீரலிலிருந்து ரத்தத்தை வெளியே வடிக்கும் ஹெபாட்டிக் வெயினில் கிடைத்தது. நடு வெயினை டோனரிடமே விட்டுவிட்டு வலது பாகத்தை எடுக்கும்போது, ஐந்தாவது, எட்டாவது செக்மென்டிலிருந்து (கல்லீரலின் எட்டுப் பகுதிகளில் இரண்டு) நடு வெயினுக்கு ஓடும் கிளைகள் அறுபடும். எதை மறுபடி இணைப்பது? 5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் இணை என்று சொல்லித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மாடல் தடிமனைக் காட்டுவதோடு, அந்தக் கிளை எத்தனை மில்லி கல்லீரலை வடிக்கிறது என்றும் சொல்கிறது. குச்சி மாதிரி இருக்கும் கிளை பெரிய பரப்பை வடிப்பதும் உண்டு, தடியாக இருப்பது கொஞ்சமே வடிப்பதும் உண்டு. தியேட்டரில் எடுக்கும் முடிவை நேரடியாக மாற்றியது என்றால் இதுதான்.

இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பல மென்பொருள்களில், கல்லீரலின் ஒவ்வொரு புள்ளியும் தனக்கு எந்தக் கிளை பக்கமோ அந்தக் கிளைக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொள்ளப்படும். ஒரு கிளை ஸ்கேனில் தெரியவில்லை என்றால் அதன் நிலத்தைப் பக்கத்துக் கிளைக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிடும். திரையில் ஓட்டை எதுவும் தெரியாது. வண்ணம் அடித்து, வழவழவென்று, எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். பிரெஞ்சு சர்ஜன் குய்னோ 1957-இல் எட்டு செக்மென்ட்களை வகுத்தபோது, ரத்தக்குழாய்களுக்குள் பிளாஸ்டிக் திரவத்தைச் செலுத்தி, இறுகியபின் சதையை அரித்து எடுத்துவிட்டு, மிஞ்சிய மரத்தைப் பார்த்துத்தான் வகுத்தார். திரவம் போகாத கிளை அவர் கையிலும் வந்திருக்காது. நமக்கு அதே மரம், கையில் அழுக்குப் படாமல் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இனி பித்தநாளம், கல்லீரலிலிருந்து பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

புத்தகத்தில் வரைந்திருப்பது போன்ற பித்தநாள அமைப்பு பத்துப் பேரில் ஆறு பேருக்குத்தான் இருக்கும். மற்றவர்களுக்கு வலது பின்பக்க நாளம் இடது நாளத்தில் போய்ச் சேரலாம், மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கலாம், இன்னும் கீழே தனியாக இறங்கலாம். அடைப்பு இருக்கும் நோயாளிக்கு நாளம் வீங்கியிருப்பதால் ஓரளவு தெரியும். ஆரோக்கியமான டோனருக்கு வலது, இடது நாளங்களே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். தானாக வரையும் பல மாடல்கள் 1.5 மில்லிமீட்டர் தெளிவில் வேலை செய்பவை. அந்த நாளத்தின் குறுக்கே இரண்டு புள்ளி வந்தால் அதிகம்.

தம்பி அண்ணனுக்குக் கொடுக்கும் கேஸ். எம்ஆர்சிபியிலிருந்து (பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) நாளங்களை எடுத்து சிடி ஸ்கேன் மாடலோடு பொருத்தியிருந்தோம். திரையில் வலது நாளம் ஒன்றே ஒன்று, வெட்டினால் ஒரே வாய், ஒரே இணைப்பு. "லட்டு மாதிரி கேஸ் சார்" என்றார் உதவி சர்ஜன். தியேட்டரில் வழக்கப்படி வெட்டுவதற்கு முன் பித்தப்பை நாளம் வழியாக டை செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்தோம். வலது பின்பக்க நாளம் சாவகாசமாகக் குறுக்கே நடந்து போய் இடது நாளத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வெட்டும் கோட்டை மாற்றி, இரண்டு வாய்களாக எடுத்து, இரண்டு இணைப்புப் போட்டோம். தம்பி நல்லபடியாக வீட்டுக்குப் போனார். அண்ணனும்தான். அன்றிரவு பழைய எம்ஆர்சிபி ஸ்லைஸ்களை எடுத்துப் பார்த்தால், அந்த நாளம் அதிலேயே இருக்கிறது! நடுவில் ஒரு இடத்தில் சிக்னல் விட்டுப்போனதால் தனித் துண்டாக நின்றிருக்கிறது. மாடலைச் சுத்தம் செய்யும்போது "பெரிய துண்டை மட்டும் வைத்துக்கொள்" என்று ஒரு பட்டன் இருக்கும். தூசியைப் போல் சிதறிக் கிடப்பதையெல்லாம் நீக்கிவிடும். அதை அழுத்தியதில் நாளமும் தூசியோடு போய்விட்டது. அழுத்திய பி.ஜி. மாணவி அழுதேவிட்டார். அவரைச் சொல்லி என்ன? அந்த மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து சபாஷ் போட்டது நானும் ரேடியாலஜிஸ்ட்டும். மாடல் வந்த பிறகு நாங்கள் ஸ்லைஸ் பார்ப்பதைக் குறைத்திருந்தோம் என்பதுதான் உண்மை.

அன்றிலிருந்து எதையும் அழிப்பதில்லை. துண்டாக நிற்பதையெல்லாம் மஞ்சள் வண்ணத்தில் அப்படியே விடுகிறோம். ஒவ்வொரு மஞ்சளுக்கும் ரேடியாலஜிஸ்ட் மூல ஸ்லைஸைப் பார்த்து இது இன்னது என்று எழுத வேண்டும். மாடல் இப்போது அசிங்கமாகத்தான் இருக்கும். கான்ஃபரன்ஸில் காட்ட முடியாது.

பொருத்துவதிலும் ஒரு சிக்கல். சிடி மூச்சை இழுத்துப் பிடித்து எடுப்பது, எம்ஆர்சிபி பெரும்பாலும் மூச்சு விட்ட நிலையில் எடுப்பது. கல்லீரல் மூச்சோடு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் உறுப்பு. கவனமாகப் பொருத்தாவிட்டால் நாளம் போர்ட்டல் வெயினுக்கு மேலே போகிறதா, கீழே போகிறதா என்பதே மாறித் தெரியும். கல்லீரலின் வாசலான ஹைலத்தில், நாளங்கள் சந்திக்கும் இடத்தில் வரும் புற்றுநோயில் அந்த மேலே கீழேதான் எல்லாம்.

ஹைலம் கேஸ்களில் மாடலைக் கெடுப்பது பெரும்பாலும் ஸ்டென்ட். மஞ்சள் காமாலை ஏறியதும் முதலில் பார்க்கும் இடத்தில் ஈஆர்சிபி செய்து, அதாவது வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு, நாளத்துக்குள் ஸ்டென்ட் குழாய் போட்டு அனுப்பிவிடுவார்கள். எங்களிடம் வரும்போது நாளம் சுருங்கி, உள்ளே காற்று புகுந்து, சுவர் வீங்கி, கட்டி எது, அழற்சி எது என்று தெரியாது. அதிலிருந்து மாடல் போட்டால் மாடலும் உளறும். இரண்டு வருடமாக, அனுப்பும் டாக்டர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: காய்ச்சல், கிருமித்தொற்று என்று அவசரம் இல்லாவிட்டால், ஸ்டென்டுக்கு முன் ஒரு நல்ல சிடி, ஒரு எம்ஆர்சிபி. இப்போது பாதிப் பேராவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். மாடலுக்காக ஆரம்பித்த நச்சரிப்பு. மாடலே போடாத கேஸ்களுக்கும் அதனால் நல்லதுதான் நடக்கிறது.

ஸ்கேனைப் பதிந்து தரும் குறுந்தகடு இன்னொரு தலைவலி. வெளியூரிலிருந்து வரும் தகட்டில் 5 மில்லிமீட்டர் ஸ்லைஸ்தான் இருக்கும். அதில் போட்ட மாடல் படிக்கட்டு மாதிரி நிற்கும். மெல்லிய ஸ்லைஸ் கேட்டால், "மெஷின்ல இடமில்ல சார், அழிச்சாச்சு" என்பார்கள். அப்படி வந்தால் மறுபடி ஸ்கேன். செலவு நோயாளி தலையில்.

தியேட்டருக்குள் டேப்லட்டை ஸ்டெரைல் உறைக்குள் போட்டு வைத்துக்கொள்கிறோம். முதல் வருடம் அடிக்கடி பார்த்தேன். இப்போது வெட்டு ஆரம்பிக்கும் முன் ஒரு முறை. கல்லீரலை விடுவித்து இடப்பக்கம் புரட்டிய பிறகு திரையில் இருப்பதும் கையில் இருப்பதும் வேறு வேறு வடிவம். அங்கே அல்ட்ராசவுண்ட் ப்ரோபும் கேமராத் திரையில் பச்சையாக ஒளிரும் ஐசிஜி சாயமும்தான் துணை.

நோயாளிகளிடம் காட்டுவதில் எனக்கு இரண்டு மனம். ஒரு அம்மா திரையைத் தொட்டு, "தம்பி, இதுல எம்மவன் எனக்குக் குடுக்கறது எது?" என்றார். நீல வண்ணத்தில் இருந்த பாதியைக் காட்டினேன். "இவ்ளோவா? வேணாம்பா" என்று எழுந்துவிட்டார். மிஞ்சும் கல்லீரல் சில மாதங்களில் வளர்ந்துவிடும் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் இப்போது படத்தைத் திறக்கிறேன். 3டி பிரிண்ட் இரண்டு முறை போட்டோம். ஒன்று என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

அந்த வணிக மென்பொருளைப் புதுப்பிக்கவில்லை. வெயின் கணக்கு அதில் வேகம், பொத்தான்கள் சுலபம். ஆனால் வருட லைசன்ஸ் பணத்துக்கு ஒரு நல்ல ப்ரோப் வாங்கிவிடலாம், வாங்கினோம். மாதத்துக்கு நான்கைந்து டோனர் கேஸ் செய்யும் இடம் என்றால் வாங்குங்கள். அதற்குக் குறைவு என்றால் இலவச மென்பொருளும் பொறுமையுள்ள ரேடியாலஜிஸ்ட்டும் போதும். இரண்டு எச்சரிக்கை. ஒன்று, 3டி ஸ்லைசர் ஆராய்ச்சிக்கான கருவி, சிகிச்சைக்கு அனுமதி பெற்றதல்ல. அதனால் ரேடியாலஜிஸ்ட் சரிபார்த்துக் கையெழுத்துப் போடாத எண் எங்கள் கேஸ் ஷீட்டில் ஏறாது. இன்னொன்று, ஸ்கேன் ஃபைலுக்குள் நோயாளியின் பெயர், வயது எல்லாம் இருக்கும். வெளி சர்வருக்கு அனுப்புமுன் நீக்கிவிடுங்கள்.

நாளைக்கு ஒரு டோனர் கேஸ். மாடலில் மூன்று மஞ்சள் துண்டு. ஒன்று சின்ன நீர்க்கட்டி, ஒன்று சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தில் நிற்கும் தண்ணீர் என்று ரேடியாலஜிஸ்ட் எழுதிவிட்டார். மூன்றாவதற்கு எதிரே கேள்விக்குறி போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். காலை ஏழரைக்கே, டை செலுத்திப் படம் எடுக்கும் சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷினைத் தியேட்டருக்குள் கொண்டுவந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.