சுத்தமான சோதனைக்குப் பரிசு: வவுச்சரா, குலுக்கலா?

ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைக்கு மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின் என்று மருந்துகள் இருக்கின்றன. கொக்கெய்னுக்கும் மெத்தம்பெட்டமைனுக்கும் அப்படி அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் அமெரிக்காவில் இல்லை. அங்கே ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பலன் தந்த முறை மிக எளிமையானது: சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருளின் தடயம் இல்லையென்றால் கையோடு பரிசு. கொக்கெய்னின் தடயம் சிறுநீரில் இரண்டு மூன்று நாள்தான் தங்கும் என்பதால் வாரத்துக்கு மூன்று முறை சோதிப்பார்கள். பரிசை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன.

முதலாவது வவுச்சர். 1990களின் தொடக்கத்தில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் ஹிக்கின்ஸ் குழு வகுத்தது. முதல் சுத்தமான மாதிரிக்கு 2.50 டாலர்; அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 1.25 டாலர் கூடும். தொடர்ந்து மூன்று சுத்தமாக இருந்தால் 10 டாலர் கூடுதல். ஒரு முறை தவறினால் மதிப்பு மீண்டும் 2.50-க்கு இறங்கிவிடும். அதுவரை சேர்த்தது பறிபோகாது. தொடர்ந்து ஐந்து சுத்தமான மாதிரிகள் கொடுத்தால் விழுந்த உயரத்துக்கே திரும்பலாம். பணமாகத் தருவதில்லை. மீன்பிடி உரிமம், சைக்கிள் சாமான், பாடப் பொருள்கள் என்று போதையில்லாத வாழ்க்கைக்கு உதவுவதை ஊழியர்களே வாங்கித் தருவார்கள்.

இந்த ஏறுவரிசைதான் முறையின் உயிர். எட்டு வாரம் தாக்குப்பிடித்தவரின் 24-வது மாதிரிக்கு மதிப்பு 31.25 டாலர். அன்று அவர் இழக்கப் பயப்படுவது அந்த ஒரு வவுச்சரை மட்டுமல்ல, ஏறி வந்த படிகள் அத்தனையையும். 1994-இல் வெளிவந்த ஆய்வில், ஒரே ஆலோசனை சிகிச்சையை வவுச்சரோடு பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் 24 வாரம் முழுக்க நீடித்தார்கள். வவுச்சர் இல்லாதவர்களில் 40 சதவீதம் பேர்தான்.

ஆனால் செலவு? வவுச்சர் தந்த 12 வாரமும் தவறாதவருக்கு 997.50 டாலர் போகும். அந்தத் தடையைத் தாண்டத்தான் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் நான்சி பெட்ரி குலுக்கலைக் கொண்டுவந்தார். கிண்ணத்தில் 500 சீட்டு. 250-இல் வெறும் பாராட்டு வார்த்தை. 209-க்கு ஒரு டாலர் அளவுள்ள பொருள். 40-க்கு 20 டாலர். ஒரே ஒரு சீட்டுக்கு 100 டாலர். கணக்குப் போட்டால் ஒரு சீட்டின் சராசரி மதிப்பு 2.20 டாலர் சொச்சம். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் எடுக்கும் சீட்டுகளின் எண்ணிக்கை கூடும், தவறினால் ஒன்றுக்கு இறங்கும். 2000-இல் வந்த முதல் ஆய்வு, மதுவுக்கு அடிமையான முன்னாள் படைவீரர்களிடம் நடந்தது: எட்டு வாரச் சிகிச்சையில் நீடித்தவர்கள் 84 சதவீதம், குலுக்கல் இல்லாத குழுவில் 22. முன்னாள் படைவீரர்களுக்கான அரசுத் துறை 2011-இல் தன் மருத்துவமனைகளுக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டது.

குலுக்கல் வேலை செய்கிறது, மறுக்கவில்லை. என் தேர்வு வவுச்சர்தான். நரக வேதனைப்பட்டு முதல் மூன்று நாளைக் கடந்து வந்தவர் கிண்ணத்தில் கைவிட்டு ‘நன்று’ என்ற வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் வாய்ப்பு சரிபாதி. அந்த முதல் வாரத்தில்தான் உறுதி மிகவும் தேவை. சூதாட்டப் பழக்கமும் உள்ளவரைக் கிண்ணத்தின் முன் நிறுத்த எனக்கு மனம் வராது. குலுக்கலால் சூதாட்டம் கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

‘இது லஞ்சம்தானே’ என்பவர்களுக்கு ஒரே பதில்: லஞ்சம் தவறு செய்யக் கொடுப்பது. இதைவிடக் கனமான கேள்வி, பரிசு நின்றபின் என்ன என்பது. பலன் பலருக்கு மங்கத்தான் செய்கிறது. பால்டிமோரில் கென்னத் சில்வர்மன் சோதித்த ‘சிகிச்சைப் பணியிடம்’ அதற்கு ஒரு விடை: சுத்தமான மாதிரி கொடுத்தால்தான் அன்று வேலைக்குள் நுழையலாம், கூலி பெறலாம். நல்ல யோசனை, ஆனால் வேலையையும் சேர்த்தே உருவாக்க வேண்டியிருக்கிறது.

2023-இல் கலிஃபோர்னியா தன் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டின் வழியே ஏறுவரிசைப் பரிசு அட்டைகளைக் கொடுக்கத் தொடங்கியது. வடிவம் சரி. தொகைக்குத்தான் ஆண்டுக்கு 599 டாலர் என்று வரம்பு கட்டினார்கள், அதுவும் 24 வாரத்துக்கு. முப்பது ஆண்டுகளுக்கு முன் வெர்மான்ட்டில் அதில் பாதி காலத்துக்கு 997.50 டாலர் வரை கொடுத்தார்கள்.