புற்றுநோய் உள்ள நாய் பின்காலை இழுக்கிறதா? "நரம்பு" என்றால் உடனே பணம் கட்டாதீர்கள்

28 கிலோ லாப்ரடார் பெண் நாய். மடியில் புற்றுநோய், தினமும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. நடக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இடது பின்கால் தளரும், படுத்து எழுந்தால் சரியாகிவிடும். கிளினிக்கில் "நரம்பு அழுத்தம்" என்றார்கள். எக்ஸ்ரே, பி12 ஊசி, மெலாக்சிகாம் என்ற வலி மருந்து, 10 பிசியோதெரபிக்கு முன்பணம். 12-ம் நாள் இரண்டு பின்கால்களும் விழுந்துவிட்டன. வேறு இடத்தில் ஸ்கேன் செய்தபோது, பெருந்தமனி கால்களுக்குப் பிரியும் இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. முதல் கிளினிக்கின் சீட்டில் தொடை நாடி பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை.

பல புற்றுக்கட்டிகள் ரத்தத்தை உறையத் தூண்டும் பொருளை வெளிவிடும். ஸ்டீராய்டு அதை இன்னும் கூட்டும். பூனைக்கு இந்த அடைப்பு பெரும்பாலும் திடீரென்று வரும். நாய்க்குப் பல நேரம் நாள்கணக்கில் மெல்ல முற்றும். அதனால்தான் மூட்டுவலி என்று நினைத்து ஏமாந்துபோகிறார்கள்.

நீங்களே பார்க்கலாம். தொடையின் உள்பக்கம், மேலே, இரண்டு விரலை மெல்ல வையுங்கள். இரு பக்கமும் துடிப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும். பாதத்தைத் தொட்டு முன்காலோடு ஒப்பிடுங்கள்: சில்லென்றிருக்கிறதா? நகம் வெள்ளையாக இருந்தால் அதன் அடிச்சதை நீலமோ சாம்பலோ ஓடியிருக்கிறதா? டாக்டரிடம் முன்கால், பின்கால் இரண்டிலும் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். அடைபட்ட காலில் பெரும்பாலும் தெளிவாகக் குறைந்திருக்கும். இரண்டு ஸ்ட்ரிப்தான் செலவு. பிறகு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். வெந்நீர் ஒத்தடமும் அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம்.

அந்தச் சீட்டில் இன்னொரு தவறும் இருந்தது. பிரெட்னிசலோனோடு மெலாக்சிகாம் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. இரைப்பையில் புண் வந்து மலம் தார்போலக் கறுத்துப் போகலாம்.

ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் டெஸ்டுகளைக் காட்டி "பி.டி., ஏ.பி.டி.டி. நார்மல், உறைவு இல்லை" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். ரத்தம் உறையத் தாமதமாகிறதா என்பதைத்தான் அவை காட்டும். அளவுக்கு மீறி உறைவதை அவற்றில் கண்டுபிடிக்க முடியாது. நீல மூடி சிட்ரேட் டியூபில் ரத்தம் 9 பங்கு, மருந்து 1 பங்கு. கோடுவரை நிரப்பாவிட்டால் அந்த எண்ணும் பொய். பிளேட்லெட் குறைவு என்று வந்தால் ஸ்லைடில் பார்க்கச் சொல்லுங்கள்: திரண்டு நின்றாலும் எண்ணிக்கை குறைந்து காட்டும், உண்ணிக் காய்ச்சலிலும் குறையும்.

மருந்தில் மனிதக் கணக்கு உதவாது. பிளேட்லெட் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் வழக்கமாகக் கிலோவுக்கு 1 முதல் 3 மி.கி., தினம் ஒரு வேளை. 75 மி.கி. மாத்திரை லாப்ரடாருக்கு ஒன்று. 8 கிலோ பொமரேனியனுக்குக் கால் பங்கு. ஆஸ்பிரின் கலந்த அட்டையைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்சபரின் ஊசி நாயின் உடம்பில் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிலோவுக்கு 0.8 மி.கி., 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை தேவைப்படும். நாளுக்கு ஒன்று போட்டு அனுப்புவது வீண்செலவு.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: மண்ணீரலில் கட்டி இருந்தால் டாக்டர் பார்க்காமல் இவற்றில் எதையும் கொடுக்காதீர்கள். ஈறு வெளுத்து வயிறு உப்பினால் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். திடீர் மூச்சிரைப்பு நுரையீரலில் அடைப்பாக இருக்கலாம். அப்போது எக்ஸ்ரே ஏறக்குறைய சுத்தமாகவே இருக்கக்கூடும். எக்ஸ்ரேயைக் காட்டி வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போகாதீர்கள், ஆக்சிஜன் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.