பரந்தனில் ஹெட் வேலை: என்ர மெசி 240இன் கரும்புகை போன விதம்

கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில வயல், உழுறது மெசி பேர்கசன் 240 ட்ரக்டர். போன காலபோகத்துக்கு முதல் வேறொரு இடத்தில ஹெட் (எஞ்சின் சிலிண்டரை மேல மூடுற, வால்வுகள் இருக்கிற பாகம்) வேலை செய்வித்தனான். "காத்துக் கூடப் போனால் இழுவையும் கூடும்" எண்டு சொல்லி, காத்து உள்ள போற வழியளான மூண்டு இன்லெற் போர்ட்டையும் அரைச்சு அகட்டி, கண்ணாடி மாதிரி மினுக்கித் தந்தவை. கலப்பையை இறக்கினதும் கரும்புகை. டீசலும் கூடக் குடிச்சுது. டீசலைப் பீச்சுற இன்ஜெக்ரரைச் சோதிப்பிச்சன், எயர் கிளீனரை மாத்தினன், புகை போகேல்லை.

இந்தமுறை பரந்தன் சந்திக்குக் கிட்ட ஒழுங்கைக்குள்ள இருக்கிற சின்னப் பட்டறைக்கு ஹெட்டைக் கொண்டுபோனன். அங்கத்தை அண்ணை போர்ட்டுக்குள்ள விரலை விட்டுத் தடவிப் பாத்திட்டு, "தம்பி, காத்துக்கு வழி விட்டிருக்கினம், சுழிக்க விடேல்லை" எண்டார்.

அதை அவர் காட்டித் தந்த விதத்துக்காகத்தான் இதை எழுதுறன். 90 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு ஒண்டு. இந்த எஞ்சின்ர சிலிண்டர் விட்டம் 91.4 மி.மீ., கிட்டத்தட்ட அதே அளவு. அதுக்குள்ள தகரத்தில வெட்டின காத்தாடி. மேல ஹெட்டை வைச்சு, வால்வை அமத்தித் திறந்து, கீழ இருந்து வாக்குவம் கிளீனரால இழுத்தார். என்ர ஹெட்டில காத்தாடி சோம்பலா அசைஞ்சுது. அரைக்காத பழைய ஹெட் ஒண்டை வைச்சார், விர்ரெண்டு சுத்திச்சுது.

தண்ணித் தாங்கிக்குள்ள ஹோஸைச் சுவரோட சரிச்சுப் பிடிச்சால் முழுத் தண்ணியும் சுத்தும், நடுவில நேரா விட்டால் சுத்தாது. போர்ட்டின்ர வளைவு செய்யிறது அந்தச் சரிப்பைத்தான். பிஸ்ரன் மேல வர, சுத்துற காத்து பிஸ்ரன் தலையில இருக்கிற கிண்ணத்துக்குள்ள ஒடுங்கி இன்னும் வேகமாச் சுழிக்கும். டீசல் அந்தச் சுழிக்குள்ள பாய்ஞ்சால்தான் துளியளுக்குக் காத்துக் கிடைக்கும். சுழி செத்தால் டீசல் கிண்ணச் சுவரில பட்டு அரைகுறையா எரிஞ்சு கரியாகும். என்ர ஹெட்டில அந்த வளைவைத்தான் அரைச்சு எடுத்திருந்தினம். வாய்க்காலை அகட்டினால் ஓட்டம் மந்தமாகும் எண்டு வயல் செய்யிற எங்களுக்குத் தெரியும். எஞ்சினுக்கும் அதே கதைதான்.

அரைச்ச இரும்பைத் திருப்பி ஒட்டேலாது. அந்தப் பழைய ஹெட்டையே வாங்கினன். ஆறு வால்வுக்கும் சீற் (வால்வு வந்து குந்தி மூடுற விளிம்பு) வெட்டி, வால்வு ஹெட் முகத்துக்கு எவ்வளவு உள்ள அமிழ்ந்திருக்கு எண்டு கேஜ் வைச்சு ஒவ்வொண்டா அளந்தார். கூடுதலா அமிழ்ந்தால் கொம்பிரசன், அதாவது காத்தை அமத்துற அளவு, குறையும். போர்ட்டுக்குள்ள சீற் விளிம்பில நிண்ட பிசிறை மட்டும் எடுத்தார். வேலைக்கூலி 15,000 ரூபா. அந்தக் கைக்குக் குடுக்கலாம்.

மகன் தன்ர காபரேற்றர் (பெற்றோலைக் காத்தோட கலந்து போர்ட்டுக்குள்ள விடுற பாகம்) மோட்டச்சைக்கிளுக்கும் போர்ட் மினுக்கித் தரக் கேட்டான். அண்ணை மறுத்திட்டார். கண்ணாடிச் சுவரில பெற்றோல் படலமா ஒட்டி வழியுமாம். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் காத்து அதைப் பிய்ச்சுக் கொண்டுபோகும். நாலு வால்வுப் பெற்றோல் எஞ்சினில சுழி வேற விதம் எண்டும் சொன்னார்: காத்து மேலயும் கீழயுமா உருளும், பிஸ்ரன் நசிக்க அது சின்னச் சின்னச் சுழியா உடையும், தீ கெதியாப் பரவும். காசு வாற வேலையை வேண்டாம் எண்டு விளக்கம் சொல்லி அனுப்பின மனுசனை நான் நம்புறன்.

குறையும் இருக்கு. மூண்டு நாள் எண்டவர், எட்டு நாள் எடுத்தார். உழவு நேரத்தில அது பெரிய இடைஞ்சல், அயலில மெசின் கூலிக்குப் பிடிச்சுத்தான் மூண்டு ஏக்கர் உழுதனான்.

இப்ப சேத்துக்குள்ள இழுக்கேக்கையும் புகைக்குழாயில மெல்லிய சாம்பல் நிறம்தான். போறவை ஐப்பசி மழைக்கு முதலே போங்கோ. ஹெட்டுக்குக் கீழ வைக்கிற ஹெட் கஸ்கெற்றையும் கையோட வாங்கிக்கொண்டு போங்கோ, அங்க வைச்சிருக்கிறேல்லை.