ராக்வொர்ட் களையை அடக்குவது யார்: விதை ஈயா, வேர் வண்டா?

ராக்வொர்ட் பூத்துக் கிடக்கும் மேய்ச்சல் நிலம் தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மஞ்சள் பூச்செடியைத் தின்னும் மாட்டுக்கும் குதிரைக்கும் ஈரல் கெட்டுவிடும். ஐரோப்பாவிலிருந்து நியூசிலாந்துக்கும் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் போய்ப் பரவிய களை இது. அதன் சொந்த ஊர்ப் பூச்சிகளையே தேடிப் பிடித்து அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அதில் ஒன்று பூவுக்குள் வளர்ந்து விதையைத் தின்னும் ஈ, இன்னொன்று வேரைத் தின்னும் வண்டு.

ஈ இருப்பதைக் கண்டுபிடிப்பது எளிது. பூவின் நடுவில் எச்சில் துப்பியதுபோல நுரை நின்றால் உள்ளே புழு இருக்கிறது. ஒரு பூத்தலைக்கு ஒரு புழு. அதிலுள்ள விதைகளைத் தின்றுவிட்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குதான் உதைக்கிறது. பெரிய செடி ஒன்று லட்சம் விதைக்கு மேல் போடும். விழுந்த விதை பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். தாமதமாக மலரும் பூக்களோ ஈயிடமிருந்து தப்பிவிடும். போதாக்குறைக்கு, இதே களைக்காகக் கொண்டுவந்த சின்னபார் அந்துப்பூச்சியின் புழு, பூத்தலையை உள்ளிருக்கும் ஈப்புழுவோடு சேர்த்தே தின்றுவிடுகிறது!

வண்டு 2 முதல் 4 மி.மீ. நீளம்தான். பொன்பழுப்பு நிறம், தடித்த பின்னங்கால், தொட்டால் தெள்ளுப்பூச்சி மாதிரி தாவும். இலையில் குண்டூசியால் குத்தியது போன்ற ஓட்டைகள் அது மேய்ந்த அடையாளம். கோடையை ஒடுங்கிக் கழித்துவிட்டு, இலையுதிர்கால மழையோடு எழுந்து செடியின் அடியில் முட்டை வைக்கும். குளிர்காலம் முழுக்கப் புழுக்கள் வேரைக் குடையும். செடி அப்போது தண்டு விடாமல் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகத்தான் இருக்கும். பூப்பதற்கு முன்பே கதை முடிந்துவிடுவதால், விதையைப் பற்றிய கவலையே பாதி குறைகிறது.

என் ஓட்டு வண்டுக்கே. அமெரிக்க மேற்குக் கரையிலுள்ள ஒரேகான் மாநிலத்தில் ராக்வொர்ட் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அந்துப்பூச்சிக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் பெரும்பங்கு வண்டினுடையது. நியூசிலாந்தில் ஈ 1930களிலேயே வந்துவிட்டது; அப்படியும் 1983இல் வண்டை இறக்க வேண்டியிருந்தது.

சரி, வண்டுக்கும் குறை இல்லாமல் இல்லை. நியூசிலாந்தில் மழை மிக அதிகமான மேற்குக் கரையில் அது தடுமாறுகிறது. அமெரிக்கக் கடலோரத்தில் சாதித்தது இத்தாலியிலிருந்து வந்த வகை; கடுங்குளிர் அடிக்கும் மொன்டானா மலைக்காடுகளுக்கு சுவிட்சர்லாந்து வகையைத் தனியாகக் கொண்டுவர வேண்டியிருந்தது.