'ஹெச் கிளாஸ்' வார்னிஷ் வாங்குகிறீர்களா? லேபிளுக்கு அடியில் பாருங்கள்

கோவைப் பக்கம் ட்ரான்ஸ்ஃபார்மர் வைண்டிங் செய்கிறவர்கள் கவனத்துக்கு. ஹெச் கிளாஸ், அதாவது 180 டிகிரி வெப்பம் தாங்கும் என்று சொல்லி எங்களுக்கு விற்ற இன்சுலேஷன் வார்னிஷும் பேப்பரும் போலி.

ஒரு ஃபவுண்டரிக்கு ட்ரை டைப் (எண்ணெய் இல்லாத) ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டிக் கொடுத்தோம். கோடையில் முழு லோடு ஏறியதும் கோர் (உள்ளே இருக்கும் இரும்புத் தகடுக் கட்டு) இரைய ஆரம்பித்துவிட்டது. 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் எந்தக் கோரும் 100 ஹெர்ட்ஸில் லேசாக முனகத்தான் செய்யும். இது பக்கத்து ஷெட் வரை கேட்டது. கழற்றினால், அந்தத் தகடுகளை, அதாவது ஸ்டாம்பிங்கை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய வார்னிஷ், நகம் பட்டதும் கறுப்புப் பொடியாக உதிர்கிறது. கம்பிச் சுற்றின் லேயருக்கு நடுவே வைத்த பேப்பர் மடக்கினால் முறிகிறது.

மிச்சமிருந்த டின்னின் லேபிளை ஈரத்துணி போட்டு உரித்தேன். அடியில் இன்னொரு லேபிள்: ஏர் ட்ரையிங் (காற்றிலேயே காய்வது), பி கிளாஸ். அதாவது 130 டிகிரி. 'முழு அராமிட்' (வெப்பம் தாங்கும் செயற்கை இழை) என்று கொடுத்த பேப்பரில் ஒரு துண்டைக் கொளுத்தினேன்; உருகிச் சொட்டியது. நோமெக்ஸ் மாதிரியான அசல் அராமிட் உருகாது, கருகும். தீயை எடுத்தால் அணைந்துவிடும். உருகியது பாலியஸ்டர். (நடுவில் பாலியஸ்டர் ஃபிலிம் வைத்த மூன்றடுக்கு பேப்பருக்கு இந்தச் சோதனை சரிவராது.)

டீலரிடம் கேட்டால், "180 டிகிரி ஓவன்ல ஒரு மணி நேரம் வச்சுப் பாத்தோம் சார், புகையே வரல" என்கிறார். எவ்வளவு பெரிய ஏமாற்று! கிளாஸ் என்பது ஒரு மணி நேரக் கணக்கா? பல வெப்பநிலைகளில் மாதக்கணக்கில் சூட்டிலேயே வைத்து, 20,000 மணி நேரம் தாங்கும் வெப்பநிலை எது என்று கணக்கிட்டுத்தான் சொல்வார்கள். தாங்கும் அளவுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பி கிளாஸ் சரக்கை 180-ல் ஓட்டினால் முப்பதில் ஒரு பங்கு ஆயுள்கூடத் தேறாது. இன்சுலேஷன் போய் ஷார்ட் ஆகியிருந்தால், பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்களின் கதி என்ன?

பணம் திரும்ப வரவில்லை. பில்லில் வெறும் 'வார்னிஷ், பேப்பர்' என்றுதான் இருக்கிறது, அதைச் சொல்லியே கைவிரித்துவிட்டார். அதனால் கிளாஸ், பேட்ச் எண், தயாரிப்பாளர் பெயர் மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 20,000 மணி நேரக் கணக்குள்ள டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். தராவிட்டால் சரக்கை இறக்கவே விடாதீர்கள்.